நானூத்தியேழாவது ஒறம்பரை

ருக்மணியம்மாங்கறது நீங்கதானுங்களா? நெசமாவா? நான் உங்க அம்மாவோ மாமியாரோ உள்ளேருந்து வருவாங்கன்னு பாத்துட்டு நிக்கறேன். அறுபத்தஞ்சு வயசுன்னு நானா ஒரு கணக்குப் போட்டு மூட்டுவலித் தைலம் ஒரு பாட்டில் வாங்கியாந்துட்டேனுங்க. போகட்டும், வெச்சுக்கங்க அம்மிணி. பொழுதன்னிக்கும் லேப்டாப்பு முன்னால உக்காந்தா கழுத்து வலிக்குமில்லீங்க, அதுக்கும் கேக்கும்.

மீட்டிங்குல இருக்கறீங்களா? நீங்க பாட்டுக்கு மீட்டிங்கைப் பாருங்க. காதை மட்டும் இந்தப் பக்கம் குடுத்தாப் போதும். காப்பி வேண்டாமுங்க. அதாவது, நான் வேண்டாம்னு சொல்லோணும், நீங்க ரெண்டாந்தடவை கேக்கோணும், அப்பறம் பாத்துக்கலாம். முதல்ல இந்தத் தட்டை வாங்கிக்கங்க. வெத்தலைபாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், ரெண்டு மாதுளை. காலையில ஆறு மணிக்குக் கோயமுத்தூருல ரயில் ஏறுனதுலருந்து மடியிலயே வெச்சுட்டு வந்தேன். பக்கத்துல உக்காந்தவரு பொண்ணு பாக்கப் போறீங்களான்னு கேட்டாரு. இல்லீங்க, கோவிச்சுக்கிட்டவங்களைச் சமாதானம் பண்ணப் போறேன்னு சொன்னேன். நல்ல காரியம், போயிட்டு வாங்கன்னு சொல்லிட்டு ஒரு பழத்தைப் பிச்சுக்கிட்டாரு. சீப்புல ஒண்ணு கொறையும், தப்பா நெனச்சுக்காதீங்க.

எம்பேரு நாச்சிமுத்துங்க. கணபதியில ஊடு. அந்தப் பேரு எங்கியோ பாத்தாப்பல இருக்குதுங்களா? இருக்கோணும். வாரத்துக்கு ஒண்ணு, சில வாரம் மூணுன்னு பதினாலு மாசமா உங்களுக்கு லெட்டர் போடறவன் நாந்தானுங்க. தேங்காய் துருவற மெஷினு, திலீபன், அப்டேட்டு. தெரிஞ்சும் தெரியாத மாதிரி மூஞ்சிய வெச்சுக்கறீங்க பாருங்க, அதுலயே கோவம் தெரியுது. கோவம் ஞாயந்தானுங்க, நான் இல்லீங்கல. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள நீங்க ஒரு பொத்தானை அமுக்கோணும். இப்ப மணி மூணே முக்கால். நேரம் கெடக்குது, முதல்லருந்து சொல்லிடறேன்.

நான் மில்லுல டைம் ஆபீசுல முப்பத்திநாலு வருசம் இருந்தவனுங்க. ஆயிரத்தி இருநூறு பேரு எத்தனை மணிக்கு உள்ள வந்தாங்க, எத்தனை மணிக்கு வெளிய போனாங்கன்னு எழுதறது என்ற வேலை. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, வராதவனுக்கு நான் பிரசண்டு போட்டதில்லை. என்ற சொந்தத் தம்பிக்கே ஆப்சண்டு போட்டவன். அவன் இன்னும் என்கூடப் பேசறதில்லை, அது வேற கதை. ரிட்டயர் ஆனப்பறம் பாத்தா எங்கூட்டுல வர்றதும் போறதும் மூணே பேரு. அவங்களையும் எத்தனை மணிக்கு வந்தீங்கன்னு கேட்டா எங்கூட்டுக்காரம்மா தெய்வானை கரண்டியோட வர்றா.

எங்களுக்கு ஒரே புள்ளை, பிரவீணா. மாப்பிள்ளை பேருதான் திலீபன். எங்க தெருவுலயே நாலு ஊடு தள்ளிக் குடியிருக்காங்க. தங்கமான பையனுங்க. பேச மாட்டாரு, அது ஒண்ணுதான். பம்பு கம்பெனியில நல்ல வேலையில இருந்தாரு. ஒரு நாள் தெய்வானைக்கு மணிக்கட்டுல வலி வந்து தேங்காய் துருவ முடியாமப் போச்சு. அதை மாப்பிள்ளை பாத்தாரு. சோத்தைத் தின்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு மோட்டாரைக் கொண்டாந்து வெச்சு, "அத்தை, இனி நீங்க துருவ வேண்டாம்"னாரு. மாமியாருக்கு மெஷின் கண்டுபிடிச்ச மருமவனை நீங்க எங்கியாச்சும் பாத்திருக்கீங்களா? எனக்கு வாய்ச்சுது.

அந்த மெஷினை ஊருக்கெல்லாம் செஞ்சு குடுக்கலாம்னு வேலையை உட்டுட்டு ஒரு பட்டறை புடிச்சாரு. அப்பத்தான் பிரவீணா சொன்னா, "அப்பா, க்ரவுட் ஃபண்டிங்னு ஒண்ணு இருக்குது. இப்படி ஒரு சாமான் செய்யப் போறோம்னு இன்டர்நெட்டுல வீடியோ போட்டா, புடிச்சவங்க முன்னாடியே பணம் கட்டுவாங்க. செஞ்சு முடிச்சதும் ஆளுக்கு ஒண்ணு அனுப்பணும்"னு. மொகந்தெரியாதவனுக்கு எவன் கட்டுவான்னு நான் சிரிச்சேன். நாப்பது நாளுல நானூத்தியேழு பேரு கட்டீட்டாங்க. நீங்களுஞ்சேத்தி. அன்னிக்கு நான் அழுதுட்டேனுங்க. என்ற மாப்பிள்ளையை நம்பி மெட்ராசுல ஒரு ருக்மணியம்மா இருக்குதேன்னு.

அந்த வெப்சைட்டுக்காரங்க ஒரு பாடம் அனுப்பியிருந்தாங்க. பணம் கட்டுனவங்களைச் சும்மா உட்டறக்கூடாது, ஆர்வம் கொறையாமப் பாத்துக்கோணும், அடிக்கடி அப்டேட் போடோணும், உள்ளதை உள்ளபடி சொல்லோணும், திரைக்குப் பின்னால நடக்கறதைக் காட்டோணும், அவங்களும் நம்ம குடும்பத்துல ஒருத்தருன்னு நெனைக்க வெக்கோணும்னு. மாப்பிள்ளை முதல் அப்டேட் போட்டாரு. "வேலை நடக்கிறது. நன்றி. திலீபன்." இது அப்டேட்டுங்களா? எழவுத் தந்திகூட இதைவிட நீளமா வரும். குடுங்க மாப்பிள்ளை, நான் பாத்துக்கறேன்னு பாஸ்வேர்டை வாங்கிட்டேன். அவரு உடனே குடுத்துட்டாரு. அன்னிக்கு அவரு மொகத்துல அப்படியொரு நிம்மதி.

எங்க பக்கம் சொந்தக்காரங்களை ஒறம்பரைம்போம். ஒரே நாளுல நானூத்தியேழு ஒறம்பரைங்க. பிரவீணா கண்ணாலத்துக்குக்கூட அத்தனை பேரு எனக்குச் சேரல. ஒறம்பரைக்கு எழுதறதுன்னா எப்படி எழுதோணும்? ஆரு என்னன்னு தெரியோணுமில்லீங்க. அதனால என்ற முதல் அப்டேட்டுல நான் பொறந்ததுலருந்து ஆரம்பிச்சேன். ரெண்டாவதுல மில்லு. மூணாவதுல என்ற தம்பி ஆப்சண்டு. நாலு, அஞ்சு, ஆறுல கண்ணாலம், பிரவீணா பொறந்தது, மாப்பிள்ளை சாதகம் பாத்தது. மெஷினு ஏழாவதுலதான் வந்துச்சு. ஆனா வந்துச்சு பாருங்க, அங்கதான் எல்லாரும் சிரிச்சாங்க. மோட்டாரு வேகம் கூடிப்போயி முதல் தேங்காய் செவுத்துல, ரெண்டாவது தேங்காய் மாப்பிள்ளை நெத்தியில. உள்ளதை உள்ளபடி எழுதீட்டேன், வீங்குன நெத்திய போட்டோவும் எடுத்துப் போட்டேன். எழுவத்தெட்டு பேரு சிரிச்ச மூஞ்சி அனுப்புனாங்க. மாப்பிள்ளை மட்டும் சிரிக்கல. அவருக்கு வலி.

மெஷினுக்குச் செல்லம்மான்னு பேரு வெச்சதும் நாந்தானுங்க. மாப்பிள்ளை "மாடல் ஒண்ணு"ன்னு கூப்பிட்டுட்டு இருந்தாரு. நானே காதோரமா மூணு தடவை சொல்லி வெச்சேன். காதுன்னா, சுவிச்சு பக்கமா.

இந்தாங்க, இதுதான் ரெஜிஸ்டரு. பழக்கம் உட மாட்டேங்குதுங்க. நானூத்தியேழு பேருக்கும் ஆளுக்கு ஒரு வரி. அப்டேட்டைப் படிச்சு ஒரு வார்த்தை எழுதுனாலோ, ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுனாலோ பிரசண்டு. இல்லாட்டி ஆப்சண்டு. இந்தூர்க்காரரு ஒருத்தருக்குத் தமிழே தெரியாது, அவருகூட அறுபது நாள் பிரசண்டு. இதோ உங்க வரி. எழுவத்திமூணு அப்டேட்டு. எழுவத்திமூணும் ஆப்சண்டு. மில்லா இருந்தா இந்நேரம் உங்க சீட்டைக் கிழிச்சிருப்பாங்க. தீவாளிக்கு எல்லாருக்கும் போன் போட்டேன், உங்க போனு மட்டும் எடுக்கல. அன்னிக்கே தெய்வானைகிட்டச் சொன்னேன், ருக்மணியம்மாவுக்கு நம்ம மேல என்னமோ வருத்தம்னு.

என்ன வருத்தம்னு நானே கண்டுபுடிச்சுட்டேனுங்க. பன்னெண்டாவது அப்டேட்டு. பணம் கட்டுனவங்க பேரையெல்லாம் போட்டு நன்றி சொல்லோணும்னு பாடத்துல இருந்துச்சு. கண்ணாலப் பத்திரிகையில பேரை எப்படிப் போடுவோம்? பெரியவங்க முன்னால, சின்னவங்க பின்னால. மாத்திப் போட்டா மூணு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை நின்னுபோகும். ஆனா ஆருக்கு என்ன வயசுன்னு எனக்கென்ன தெரியும்? பேரை வெச்சுக் கணிச்சேன். சரஸ்வதி, கோதண்டம்னா அறுபதுக்கு மேல. ஷ, ஹ, ஜ வந்தா முப்பதுக்குக் கீழ. அப்படிப் பாத்ததுல நானூத்தியேழு பேருலயும் மூத்தவங்க நீங்கதான்னு முடிவுக்கு வந்து, "குடும்பத்தின் மூத்த அம்மையார் திருமதி ருக்மணி அம்மாள் அவர்கள் ஆசியுடன்"னு தலைப்புலயே போட்டுட்டேன். இப்ப நேருல பாத்தா என்ற புள்ளையைவிடச் சின்னவங்களா இருக்கறீங்க. மன்னிச்சுருங்க அம்மிணி. திருமதியும் தப்புங்களா? செவுத்துல உங்க போட்டோ மட்டுந்தான் இருக்குது, அதான் கேட்டேன். செரி, அதுக்கும் சேத்து மன்னிச்சுருங்க.

அந்த அப்டேட்டுல நூத்திப் பத்துப் பேருக்குக் கோவமுங்க. சரஸ்வதிங்கறது காலேசு படிக்கற புள்ளையாம். கோதண்டம் ஒரு ஜிம்மு வெச்சிருக்காராம். ஆனா ஒண்ணு பாருங்க, கோவத்துலயாச்சும் எல்லாரும் எழுதுனாங்க. அத்தனை பேருக்கும் அன்னிக்குப் பிரசண்டு. ஆர்வம் கொறையலைங்கறதுக்கு இதைவிடச் சாட்சி வேணுங்களா?

மெஷினு எட்டு மாசத்துல தர்றதாச் சொல்லியிருந்தோம். முடியல. துருவற பல்லு சரியா அமையல, தொட்டியையும், அதான் கொட்டாங்கச்சியையும், சேத்துத் துருவிப் போட்டுது. மாப்பிள்ளை ராவாப் பகலாக் கெடந்து மாத்தி மாத்திப் பாத்தாரு. நான் அதையும் எழுதிட்டே வந்தேன். கடைசியில போன அக்டோபருல, ஆயுத பூசைக்கு நாலு நாள் முன்னால, சரியாயிருச்சுங்க. பூவாட்டம் வந்து விழுந்துச்சு. தெய்வானை ஒரு கையில அள்ளி வாயில போட்டுட்டு மாப்பிள்ளை தலையைத் தடவுனா. இதை வெறும் எழுத்துல சொல்றதான்னு நெனச்சு, நானூத்தியேழு பேரும் ஆயுத பூசையன்னிக்குப் பட்டறைக்கு வரோணும், செல்லம்மாவைக் கண்ணால பாக்கோணும்னு அழைப்பு போட்டேன். குடும்ப சகிதம்னும் போட்டேன். போடாட்டி மரியாதையா இருக்காதே.

அறுவத்தியொரு பேரு வந்தாங்க. ஓசூரு, மதுரை, பெங்களூருலருந்தெல்லாம். எனக்குக் கால் தரையில பாவல. வாசல்லயே ரெஜிஸ்டரை வெச்சு அத்தனை பேருக்கும் பிரசண்டு போட்டேன். செல்லம்மாவுக்குச் சந்தனம், குங்குமம், ரோசாப்பூ மாலை, முன்னால குத்துவெளக்கு. பூசை முடிஞ்சுது. எல்லாரும் போனைத் தூக்கிப் புடிச்சுட்டு நின்னாங்க. மாப்பிள்ளை சுவிச்சுகிட்டக் கையைக் கொண்டு போனாரு. நான் கையைப் புடிச்சுட்டேன்.

பின்ன என்னங்க? பூசையில வெச்ச ஆயுதத்தை அன்னிக்குத் தொடலாமா? லாரிக்காரன் லாரியை எடுக்க மாட்டான், தச்சன் உளியைத் தொட மாட்டான், படிக்கற புள்ளை புஸ்தகத்தைத் தொறக்காது. மக்யா நாளு விசயதசமிக்குத்தான் எடுக்கோணும். மாப்பிள்ளை என்ற காதுகிட்ட வந்து, "மாமா, ஒரே ஒரு தேங்காய்"னாரு. அவரு அத்தனை நீளமாப் பேசி நான் கேட்டதில்லை. இருந்தாலும் சாமி காரியம். வந்தவங்ககிட்ட நானே முன்னால போயி, "இன்னிக்கு மெஷினு ஓடாதுங்க, ஆனா நாளைக்குக் கட்டாயம் ஓடும், எல்லாரும் இருந்து சாப்புட்டுட்டுப் போங்க"ன்னு கும்புட்டேன். பெங்களூருக்காரரு ஒருத்தரு, "ஓடாதுங்கறதை எவ்வளவு பக்தியாச் சொல்றாரு"ன்னாரு. நல்லவரு.

அறுவத்தியொரு பேருக்குச் சாப்பாடுன்னா சும்மாவா? அரிசியும் பருப்பும் சாதம், தேங்காய்ச் சட்னி, தேங்காய்ப் பால் பாயசம். நாப்பது தேங்காய் வேணும். மெஷினைத் தொடக்கூடாது. அதனால தெய்வானையும் பக்கத்தூட்டு அம்மிணிக ரெண்டு பேரும் செல்லம்மாவுக்கு முன்னாலயே அருவாமணையைப் போட்டு உக்காந்து நாப்பதையும் கையால துருவிப்போட்டாங்க. தெய்வானை மட்டும் இருபது. அருவாமணையும் ஆயுதந்தானேன்னு பிரவீணா கேட்டா. அதைப் பூசையில வெக்கலியே கண்ணுன்னு சொன்னேன். சாப்பாடு அருமைங்க. ரெண்டு நாளைக்குத் தெய்வானையால கையைத் தூக்க முடியல, நாந்தான் தைலம் போட்டு நீவி உட்டேன். அந்தத் தைலந்தானுங்க இது. நல்லாக் கேக்குது, அதான் உங்களுக்கும் ஒண்ணு வாங்குனேன்.

திரைக்குப் பின்னால நடக்கறதைக் காட்டோணும்னு பாடத்துல இருக்குதில்லீங்க? ஒரு நல்ல போட்டோவாப் பாத்து அன்னிக்குச் சாயங்காலமே அப்டேட்டுல போட்டேன். மேல செல்லம்மா மாலையோட, பக்கத்துல வெளக்கு. கீழ மூணு பொம்பளைங்க தேங்காய் துருவறாங்க. அடியில, "எங்கள் மெஷினின் வெற்றிக்கு உழைக்கும் கரங்கள்"னு எழுதுனேன். அம்மிணி, அந்த ஒரு போட்டோவைத் தொள்ளாயிரம் பேரு பாத்தாங்க. நம்ம ஆளுகளே நானூத்தியேழுதான். மிச்சப் பேரெல்லாம் ஆருன்னே தெரியாது. முப்பது பேரு "ஆழ்ந்த இரங்கல்"னு எழுதியிருந்தாங்க. ஆருக்குன்னு எனக்கு வெளங்கல. இருந்தாலும் மரியாதைக்கு, "நன்றி, காரியம் நல்லபடியா முடிஞ்சுது"ன்னு அத்தனை பேருக்கும் பதில் போட்டேன்.

அதுக்கப்பறந்தான் என்னமோ ஒரு மாதிரி ஆயிருச்சு. மெஷினே இல்லை, எல்லாம் ஏமாத்துன்னு எவனோ கெளப்பி உட்டுட்டான். எவன்னு இன்னிக்கு வரைக்கும் புடிபடல. மாப்பிள்ளை மக்யா நாளே மெஷினு ஓடற வீடியோ போட்டாரு. அது நெசமில்லை, கிராபிக்ஸுன்னுட்டாங்க. நான் அவங்க மனசை மாத்தறதுக்கு வாரம் மூணு அப்டேட் போட்டுப் பாத்தேன். அதுக்கு ஒரு பலன் இருந்துச்சுங்க, பொய் சொல்லக் கூடாது. தொண்ணூத்திரெண்டு பேரு, "ஐயா, அப்டேட் போதும்"னு கைப்பட எழுதுனாங்க. எங்க பக்கம் பந்தியில போதும் போதும்னு எலையைக் கையால மறிச்சாத்தான் இன்னும் ரெண்டு கரண்டி வெப்போம். நானும் வெச்சேன்.

இப்ப நெலமை என்னன்னா, எல்லா மெஷினையும் செஞ்சு முடிக்க இன்னும் மூணு மாசம் வேணும். வெப்சைட்டுக்காரங்க ஓட்டெடுப்பு வெச்சுட்டாங்க. காத்திருக்கலாம்னு ஒரு பொத்தான், திருப்பிக் குடுங்கன்னு ஒரு பொத்தான். பாதிக்கு மேல காத்திருக்கலாம்னு சொன்னாத்தான் பொழைச்சோம். சமமா நின்னாலும் போச்சு. கொஞ்ச நேரம் முன்னாலதான் கீழ வாட்ச்மேன்கிட்ட நின்னு பாத்துட்டு வந்தேன். இந்தப் பக்கம் இருநூத்திமூணு, அந்தப் பக்கம் இருநூத்திமூணு. ஓட்டுப் போடாதது ஒரே ஒரு ஆளு. பட்டியல்ல முதல் பேரும் நீங்கதான், கடைசி ஓட்டும் நீங்கதான். சாமி எப்படிக் கோத்து உடுது பாருங்க.

மாப்பிள்ளை பட்டறையைக் கூட்டிச் சுத்தம் பண்ணீட்டு இருக்காரு. ராஜ்கோட்டுல ஒரு பம்பு கம்பெனியில வேலைக்குக் கூப்புட்டிருக்காங்களாம், பிரவீணா நேத்துத்தான் சொன்னா. குஜராத்துங்க. ரெண்டு ராத்திரி ரயில்ல போகோணும். புள்ளை போயிட்டா எங்கூட்டுக்கு வர்றதும் போறதும் ஆருங்க? நானும் தெய்வானையும் ஆளுக்கொரு சேருல உக்காந்து சீரியல் பாக்கோணும். அதை நெனச்சு எனக்கு நேத்து ராத்திரி தூக்கமே இல்லீங்க. சும்மா சொல்லல. ஊட்டுல பொள்ளாச்சிக்கு ஒரு எழவுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். தேங்காய் அனுப்பறதுக்கு நீங்க குடுத்த விலாசத்தைப் பாத்துத்தான் புடிச்சேன். தேங்காய் இல்லீங்க, மெஷினு. வாயி கொளறுது.

அதனால பெரிய மனசு பண்ணி, கோவத்தை மறந்து...

என்னங்க? புரியல. கோவமே இல்லீங்களா? மூத்த அம்மையாருன்னு போட்டதுக்குக்கூட? பாக்கவே இல்லீங்களா? போட்டோவும்? எங்க, அந்த லேப்டாப்பை இப்படித் திருப்புங்க. மீட்டிங்குல இருக்கறவங்களுக்கு வணக்கமுங்க, ஒரு நிமிசம்.

எழுவத்திமூணு. எல்லாம் இருக்குதுங்க. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எம்பேரு. நடுவுல செருப்புக் கடை தள்ளுபடி, லோன் வேணுமான்னு கேக்கறவன், அப்பறம் மறுபடி நானு. எழுத்து ஏனுங்க இப்படித் தடிச்சுக் கெடக்குது? தொறக்காதது தடிச்சு நிக்குங்களா? அப்பச் செல்லம்மாவுக்குப் பேரு வெச்சது, பூசை, தெய்வானை கை நோவு, ஒண்ணுமே நீங்க...

எதுக்குப் பணம் கட்டுனீங்கன்னே மறந்துபோச்சுங்களா? அம்மாவுக்கு ஒண்ணு வாங்கித் தரலாம்னு போட்டது, அப்பறம் நெனப்பே இல்லை. சரிங்க. வேலை இருக்கறவங்க, நெனப்பு இருக்காதுதான்.

கோவமாவாச்சும் இருந்திருக்கலாமுங்க அம்மிணி. பதினாலு மாசமா உங்களுக்கு என்ன வருத்தம், என்ன வருத்தம்னு எத்தனை நாள் படுத்துட்டு யோசிச்சிருப்பேன். ஒவ்வொண்ணு எழுதும்போதும் இதை ருக்மணியம்மா படிச்சா என்ன சொல்லுவாங்கன்னுதான் எழுதுவேன். மனசு உட்டுப்போச்சுங்க. அந்தக் காப்பியை ரெண்டாந்தடவை கேட்டிருந்தீங்கன்னா இப்பக் குடிச்சிருப்பேன்.

மணி நாலு அம்பதா? அடடா. ஓட்டுங்களா? அது இருக்கட்டும், நீங்க முதல்ல ஒரு அப்டேட்டாச்சும் படிச்சுப்போட்டு அமுக்குங்க. ஆரு என்னன்னு தெரியாம ஓட்டுப் போடக்கூடாது. முதலாவதைத் தொறங்க, நான் பொறந்தது, சின்னதுதான். இருங்க, எதை அமுக்கறீங்க? இருங்கன்னு சொல்றேனில்லீங்க...

அமுக்கீட்டீங்க. காத்திருக்கலாம். இருநூத்திநாலு.

ரொம்ப நன்றிங்க. இல்லீங்க, சந்தோசந்தான். கண்ணுல தூசி. புள்ளை ராஜ்கோட்டுக்குப் போக மாட்டா. மாப்பிள்ளை பட்டறையைத் தொறப்பாரு. எனக்கு அது போதும். போதுந்தானுங்க. ஆனாலும் படிக்காம அமுக்கீட்டீங்களே. அத்தனை அவசரம் என்னத்துக்கு? மீட்டிங்குல உங்களைத்தான் கேக்கறாங்களா? சரி, சரி.

மாப்பிள்ளைதான் கூப்புடறாரு, பாருங்க, ஓட்டு விழுந்தது தெரிஞ்சிருக்கும். இந்த மனுசன் ஆருக்கும் தானாப் போன் போட்டதில்லை. அடிக்கட்டும், அப்பறம் பேசிக்கறேன். பொள்ளாச்சியில சிக்னல் கெடைக்காது.

நான் கெளம்பறேனுங்க. கெளம்பறதுன்னா, ரயிலு ராத்திரிதான், அது வரைக்கும் வெளியில படிக்கட்டுல உக்காந்துக்கறேன். உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. மீட்டிங்கு முடிஞ்சதும் ஒண்ணொண்ணாத் தொறங்க. கதவை மட்டும் ஒரு வெரக்கடை தொறந்து வெய்யுங்க. ரெஜிஸ்டருல உங்க பேருக்கு நேராப் பேனாவை வெச்சுட்டேன். ஓட்டுப் போட்டதுக்காகவெல்லாம் பிரசண்டு போட முடியாதுங்க, ஆளு உள்ள வரோணும். ஏழாவதுல தேங்காய் மாப்பிள்ளை நெத்தியில படும். அங்க சிரிச்சீங்கன்னா எனக்குக் கேக்கும், போட்டுக்கறேன்.